மைசூருக்கு ஒரு பிடி மண் கேட்டுப் போனோம்

சாம்பாரில் வெல்லம் போடுகிற ஊருக்கு இனிப் போவதில்லை என்று சென்ற முறை மைசூரிலிருந்து திரும்பும்போதே முடிவு செய்திருந்தேன். வக்கீல் பிரகாஷ் போன் செய்து அந்த முடிவைக் கெடுத்தார். பிரகாஷ் மைசூர்க்காரர், கன்னடர். நான் ஈரோட்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில், எல்லை தாண்டிய ஒரு வழக்குக்காக வந்துபோய்ப் பழக்கமானவர். ஓய்வுபெற்ற பிறகு என்னை மேடம் என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே பையைக் கட்டினேன் என்றாலும் தவறில்லை.

வேலை இதுதான். வெள்ளைக்காரன் காலத்து அரசு இரகசியச் சட்டத்தைத் திருத்தி, இரகசியங்களைக் குறைக்க ஒரு மசோதா வந்திருந்தது. அதை ஆராய்கிற நாடாளுமன்றக் குழு ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மைசூரில் வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாரும் பேசப்போகிறார்கள். அவர்களோடு, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழர்கள் வாழும் கௌதள்ளியைச் சேர்ந்த மாதம்மா என்ற பெண்ணையும் பேசவைக்கப் பிரகாஷ் அனுமதி வாங்கியிருந்தார். மாதம்மாவுக்குச் சந்தைக் கன்னடம் தெரியும். மனசில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வரும். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

பாலாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கண்டக்டர் தமிழிலிருந்து கன்னடத்துக்கு மாறிக்கொண்டார். சில்லறை இல்லை என்பதை மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி சொன்னார். கௌதள்ளியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "ஏனுங்க்கா, இங்கிலீசு பேசறவிய நீங்கதானுங்களா?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர்தான் மாதம்மா.

அனூருக்கு முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை என்பதை டிரைவர் சாவகாசமாகக் கண்டுபிடித்தார். எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மாதம்மா தூக்குப்போசியைத் திறந்து, ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் எடுத்துவைத்தார். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நான் மென்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அங்கேதான் மாதம்மா தன் கதையைச் சொன்னார்.

அவர் கணவர் பெருமாள் கொத்தனார். மைசூரில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் ரம்யாவோடு தங்கிக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மேஸ்திரி ஆள் சேர்த்து, ஜன்னல் மூடிய வேனில் தினமும் கூட்டிப்போனார். அரசாங்க இடம், உள்ளே சுவர் கட்டுகிற வேலை, வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எந்த இடம் என்று வீட்டிலும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பெருமாளும் சொல்லவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்வாராம்.

ஒரு நாள் சாரம் சரிந்தது. உடம்பு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தது. 'வேலை இடத்தில் விபத்து' என்று தாள் கொடுத்தார்கள். எந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

"குடுக்க வேண்டியதக் குடுத்துட்டாங்க, அதுல நாஞ் சண்டை போடலைங்க்கா. எடத்தச் சொல்லுங்கன்னு தகவல் சட்டத்துல எழுதிக் கேட்டமுங்க. ரகசியம், சொல்லப்படாதுன்னு வந்துருச்சு. கூட வேலை செஞ்சவிய கேரளாவுக்குப் போயிட்டாங்க. போன் பண்ணுனா, 'கையெழுத்துப் போட்டிருக்கறோம், எங்களக் கேக்காதீங்கக்கா'ங்கறாங்க."

இடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்டேன். நீதிமன்றத்தில் கேள்வி கேட்டுப் பழகிய வாய். மாதம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஜனத்தில், வெளியிடத்தில் அகாலமாகச் செத்தவரை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். உயிர் போன இடத்துக்குப் பெண்டாட்டியோ பிள்ளையோ போய்த் தன் கையால் ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். எடுக்கும்போது இடத்தின் பேரையும் அவர் பேரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இன்ன ஊர்ல, இன்ன எடத்துல கெடந்தது போதும். வா, வூட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அந்தப் பிடிமண்ணைக் காட்டோரத்தில் வைத்து மேலே கல் நட்ட பிறகுதான் வீட்டில் நல்ல காரியம்.

"அவரு வூடு வந்து சேராம, ரம்யாளுக்கு எப்படிங்க்கா பந்தல் போடறது? பையன் வூட்டுல மூணு வருசமாப் பொறுத்துட்டாங்க. இனிப் பொறுக்க மாட்டாங்க."

டயர் வந்தது. தூக்குப்போசியைக் கழுவிக் கொடுத்துவிட்டு நானும் ஏறினேன்.

பஸ் நிலையத்தில் ரம்யா காத்திருந்தாள். ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். கௌதள்ளியில் பிறந்தாலும் மைசூரிலேயே படித்தவள், கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என்னை ஆன்ட்டி என்றாள், எங்கள் இரண்டு பைகளையும் பிடுங்கிக்கொண்டாள். லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். தோசை முறுகலாக, உள்ளே சிவப்புச் சட்னி தடவி, மேலே வெண்ணெய் உருண்டையோடு வந்தது. ஈரோட்டில் இப்படி ஒரு தோசை கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாம்பாரைத் தள்ளி வைத்தேன். பரிமாறியவர் கன்னடத்தில், "சாம்பார் பிடிக்கவில்லையா தாயே, தமிழ்நாடா?" என்று கேட்டார். முகத்திலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது.

ரம்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஆன்ட்டி, ஸ்வல்ப, கொஞ்சம் நீங்க சொல்லி அம்மாக்கு. நாளைக்கு உள்ள போனா, இது சீக்ரெட்டா வெச்சுக்கோங்கன்னு கேக்கலாம். பிரகாஷ் சார் சொன்னாரு. எனக்கு அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடியுது. பேப்பர்ல பேர் வந்தா ரின்யூ மாடோதில்ல, பண்ண மாட்டாங்க ஆன்ட்டி."

"அவங்கொப்பன ரகசியமா வெச்சது பத்தாதா? நானும் ஒருக்கா வெக்கோணுமா?" என்றார் மாதம்மா, என்னைப் பார்த்து.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு மொழிபெயர்க்கத்தான் தெரியும், தீர்ப்புச் சொல்லத் தெரியாது. இன்னொரு தோசை வாங்கினேன்.

மறுநாள் காலை ஆட்டோக்காரரிடம் ஓட்டல் பேரைச் சொன்னோம். குழு கூடுவது அந்த ஓட்டலின் மாடியில் என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம். கீழ்த்தளத்தில் கல்யாணம். வாசலில் பட்டுப்புடவைப் பெண் ஒருவர் எங்கள்மேல் பன்னீர் தெளித்து, "ஏன் இவ்வளவு தாமதம்? முதலில் டிபன் சாப்பிடுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லி உள்ளே தள்ளினார். பிரகாஷ் இங்கேதான் ஏற்பாடு செய்திருக்கிறார் போலும் என்று நினைத்து நானும் உட்கார்ந்தேன். இலையில் உப்பிட்டு என்கிற உப்புமா விழுந்த பிறகுதான் மாப்பிள்ளை கண்ணில் பட்டார். எழுந்தால் அவமரியாதை, உட்கார்ந்தால் திருட்டுச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டே எழுந்தோம். வெளியே வரும்போது கையில் ஆளுக்கொரு தேங்காய்ப் பை.

மாடியில் சோதனை பலமாக இருந்தது. செல்போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். தேங்காய்தான் அவர்களுக்குச் சிக்கலாகிவிட்டது. காவலர் ஒன்றைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் ஆட்டிப் பார்த்தார். கடைசியில் தேங்காய்க்கும் டோக்கன் கொடுத்தார்கள். மாதம்மா சிரித்துக்கொண்டே இருந்தவர், போன் பெட்டி மூடுகிற சத்தத்தில் நிறுத்திக்கொண்டார். "அவருகிட்டயும் இப்படித்தான் வாங்கி வெச்சிருப்பாங்க" என்றார்.

பிரகாஷ் எங்களுக்கு முன்னே வந்திருந்தார், கறுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டு. இளம் அதிகாரி ஒருவர் வந்து விதிகளைச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன். நீங்கள் உள்ளே சொல்வது பின்னால் வெளியிடப்படலாம். எதையாவது இரகசியமாக வைக்க விரும்பினால் கேட்கலாம். கேட்டாலும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்படலாம். எப்படி இருந்தாலும், குழுவின் அறிக்கை சபையில் வைக்கப்படும்வரை உள்ளே பேசியதை யாரும் வெளியே சொல்லக் கூடாது.

மாதம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "ரகசியத்தக் கொறைக்கறக்குத்தானுங்களே வந்திருக்கறாங்க? அதை எதுக்குங்க ரகசியமா வெச்சுப் பேசறாங்க?" என்றார்.

நான் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அது என் தொழில். அதிகாரி, "விதி அம்மா, அதை எழுதியது நான் இல்லை" என்று சொல்லி, குழு கூடியிருந்த அறையின் கதவைத் தள்ளித் திறந்தார்.

ரம்யாவை உள்ளே விடவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று இங்கே எழுதக் கூடாது. அறிக்கை இன்னும் சபைக்கு வரவில்லை. நீதிமன்ற வேலையில் இருந்த காலமெல்லாம் மூடிய அறையில் கேட்டதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. என் தங்கை இன்றைக்கும் அதற்காக என்னைக் கல்லுளிமங்கி என்பாள். ஆகவே அறையைப் பற்றிச் சொல்கிறேன். ஏசி அதிகம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு தட்டு முந்திரி. முந்திரி ஒரு வறுப்பு கூடிவிட்டது. மாதம்மா பேசும்போது யாரும் முந்திரியைத் தொடவில்லை என்று சொல்வதில் விதிமீறல் இல்லை என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் ரம்யா, "என்ன சொன்னே? சீக்ரெட்டா?" என்று கேட்டாள். மாதம்மா தேங்காய் டோக்கனைத் தேடினார். ரம்யா என்னைப் பார்த்தாள். நான் விதிப்படி வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை மூன்று பேருமாக மார்க்கெட்டில் நடந்தோம். மல்லிகையைக் கையால் அளந்து கொடுக்கிறார்கள், எங்கள் ஊர் முழத்தைவிட நீளம். நஞ்சன்கூடு ரஸபாளை என்று ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தாள் ரம்யா. கிடைப்பதே அரிது என்றாள். அந்தப் பெருமை பழத்தில் தெரிந்தது. அம்மாவோடு அவள் பேசவில்லை, பழத்தை மட்டும் உரித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை. லாட்ஜ் கவுண்டரில் சாவியைக் கொடுக்கப் போனேன். அங்கிருந்தவர் இனிப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றை நீட்டினார். நூல் சுற்றிக் கட்டியிருந்தது. மேலே மாதம்மா பேர் மட்டும் ஆங்கிலத்தில். கொடுத்தவர் யார் என்று கேட்டேன். காரில் வந்தார், கொடுத்தார், பேர் சொல்லவில்லை என்றார். மைசூர்பாகு என்று முடிவு செய்துவிட்டேன். எடையும் அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் சாப்பிட ஆயிற்று என்று மாடிக்குப் போகாமலே, எங்களை வழியனுப்ப வந்திருந்த ரம்யாவிடம் கத்திரி வாங்கி நூலை வெட்டினேன்.

உள்ளே மண். செம்மண், கொஞ்சம் ஈரம், ஓரமாகக் காய்ந்த சிமெண்டுத் துணுக்குகள். தாள் எதுவும் இல்லை.

ரம்யாதான் முதலில் அழுதாள். மாதம்மா படியிறங்கி வந்து பெட்டியைப் பார்த்தார். ஒரு துணுக்கை எடுத்து விரலில் நசுக்கினார். என்னைப் பார்த்து, "யாருங்க குடுத்தது?" என்றார். தெரியாது என்றேன். "எந்த எடமுன்னு சொன்னாங்களா?" சொல்லவில்லை என்றேன்.

"அப்பா மண்ணுதாம்மா," என்றாள் ரம்யா. "சிமெண்டு பாரு. யாரோ நல்லவங்க கொண்டுவந்து கொடுத்திருக்காங்க. சாக்கும்மா, இது போதும். இதை வெச்சு முடிச்சுடலாம். ப்ளீஸ்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யாரோ ஒரு நல்லவர், பயந்த நல்லவர், இரவோடு இரவாக எங்கோ போய் அள்ளிவந்திருக்கிறார். எடுத்துக்கொண்டு போய்க் கல்லை நட்டால் ஆவணியில் கல்யாணம். மூன்று வருஷக் காத்திருப்பு முடிந்துவிடும். மாதம்மா தலையாட்டிவிட வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மாதம்மா நசுக்கிய துணுக்கைப் பெட்டியிலேயே போட்டார். பிறகு மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"கண்ணு, குடுத்தவருக்கு நல்ல மனசுதான். அவரு புள்ளகுட்டி நல்லாருக்கோணும். ஆனா இதைக் கையில வெச்சுக்கிட்டு நான் என்னன்னு கூப்புடறது? எங்க கெடந்தது போதும், வான்னு கூப்புடறது? எடத்துப் பேரு இல்லாம கூப்புட்டா உங்கொப்பன் எங்கிருந்துடி எந்திரிச்சு வருவாரு?"

"அப்ப எனக்குக் கல்யாணம்?"

"கேக்கறேன். டெல்லிக்குப் போயியும் கேக்கறேன். அவிய சொல்லட்டும், நான் எடுத்துக்கறேன்."

லாட்ஜ் வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று இருந்தது. மாதம்மா மண்ணை அதில் கொட்டி, கையால் பரப்பி, என் பாட்டிலை வாங்கித் தண்ணீர் ஊற்றினார். வெற்றுப் பெட்டியை ரம்யாவிடம் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. பிடிவாதக்காரி என்று நினைத்தேன். பஸ் நிலையம் போகும்வரை அந்தக் கோபம் இருந்தது.

பஸ் கிளம்பும்போது ரம்யா ஜன்னலருகே வந்து அதே பெட்டியை நீட்டினாள். உள்ளே புளியோதரை. அம்மாவின் கையை ஜன்னல் கம்பி வழியாகப் பிடித்துக்கொண்டாள். "காண்ட்ராக்ட் போனா போகட்டும் அம்மா. டெல்லில கூப்ட்டா நானும் வரேன். இந்த தடவ உள்ள விடச் சொல்லு" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். மாதம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கொள்ளேகால் வரை எடுக்கவில்லை.

அனூரில் மார்டள்ளிக்குப் போகிற பெரியம்மா ஒருவர் ஏறினார். மடியில் கூடை, கூடைக்குள் இரண்டு கோழி. "எங்க போயிட்டு வாரீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். மாதம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். விதி என்று கண்ணால் சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

பஸ்ஸில் அவர் பேசியதை எழுத எனக்குத் தடை இல்லை. டிக்கெட் எடுத்த பயணியாகக் கேட்டேன்.

"பெரிய பெரிய ஆளுங்க, டெல்லிக்காரங்க. வட்டமா உக்காந்திருந்தாங்க. 'நீ பேசறத ரகசியமா வெச்சுக்கோணுமா'ன்னு பெரியவரு கேட்டாரு. எம்மவ வெளிய உக்காந்திருந்தா, அவ முகந்தான் நெனப்புல வந்துது. ஆனாலும் 'வேண்டாமுங்க, நாடு பூராப் போட்டுக்குங்க'ன்னுட்டேன். அப்புறம் நான் ஒண்ணு கேட்டேன். 'உங்கப்பாரு எங்க செத்தாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க'ன்னேன்."

"சொன்னாங்களா?" என்றார் பெரியம்மா. கோழிகூட அசையவில்லை.

"ஒருத்தரு ஆஸ்பத்திரின்னாரு. ஒருத்தரு வயக்காட்டுலன்னாரு. ஒருத்தரு ஒண்ணுஞ் சொல்லல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. 'உங்க எல்லாருக்கும் தெரியுது. எம்புள்ளைக்கு மட்டும் சொல்லப்படாதுன்னா, அப்படி எந்த எதிரிக்குங்க அது தெரிஞ்சுரும்?'னு கேட்டேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிட்டாங்க."

பெரியம்மா கூடையை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டார். பிறகு முன் சீட்டில் துண்டு போட்டிருந்த ஒருவர் திரும்பினார். "சும்மா உடாதம்மா. டெல்லிக்காரன் முன்னாடி நீ இப்படிப் பேசியிருப்பியாக்கும்? ஒரு கும்புடு போட்டுட்டு வந்திருப்ப" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாதம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவருக்குச் சாட்சியாக அந்தப் பஸ்ஸில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். மாதம்மா என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க்கா, நீங்க பக்கத்துலதானுங்களே இருந்தீங்க. சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்தவர்களும், கண்டக்டரும், கண்ணாடி வழியாக டிரைவரும்.

"உண்மைதானுங்க. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லலை. நான்தான் அதை இங்கிலீஷ்ல சொன்னேன்" என்றேன், கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி.